எல்லை அறிய வேண்டிய வெப்பம்

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அதைவிட ஆறே டிகிரி கூடி, 43 டிகிரியில் சில மணி நேரம் நீடித்தால் திசுக்களில் உள்ள உயிரணுக்கள் மடியத் தொடங்கும். 50 டிகிரியில் அதே அழிவுக்குச் சில நிமிடங்களே போதும். 60 டிகிரியைக் கடந்தால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல, உயிரணுக்களில் உள்ள புரதம் உடனடியாக உறைந்துவிடுகிறது. 43 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அழிவுக்குத் தேவைப்படும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது மருத்துவ இயற்பியலில் நன்கு நிறுவப்பட்ட கணக்கு.

இந்தக் கணக்கை நம்பித்தான், கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் தோன்றும் சிறு புற்றுநோய்க் கட்டிகளைக் கத்தியின்றி, ஓர் ஊசிமுனையின் வெப்பத்தால் அழிக்கும் சிகிச்சை உருவாகியுள்ளது. தென்கொரியா, சீனா, இத்தாலி ஆகிய நாடுகளில் பரவலாகக் கையாளப்படும் இம்முறை, இந்தியப் பெருநகரங்களின் மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. 'தழும்பு இல்லை, மயக்க மருந்து இல்லை, அன்றைக்கே வீடு திரும்பலாம்' என்று இதன் சிறப்புகள் எடுத்துரைக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் உண்மையே. ஆயினும், அந்த வெப்பம் எங்கே நிற்கிறது என்பதே இச்சிகிச்சையில் முதன்மையான கேள்வி. அதற்கான விடையைப் பொதுமக்களும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது.

வண்ணத்துப்பூச்சியின் வடிவில், மூச்சுக்குழாயைத் தழுவியபடி அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. அதன் பின்புறத்தில், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான பள்ளத்தில், குரல்நாண்களை இயக்கும் மெல்லிய நரம்பு பக்கத்துக்கு ஒன்றாக ஓடுகிறது. மார்புப் பகுதி வரை இறங்கி மீண்டும் குரல்வளைக்குத் திரும்பி வரும் நரம்பு அது. சுரப்பியின் இருபுறமும் மூளைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் பெருந்தமனிகள் உள்ளன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள், சிறு பயறளவில், பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் எதற்கும் தைராய்டுக்கும் இடையிலான தொலைவு சென்டிமீட்டர் கணக்கில் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில்தான் உள்ளது.

இந்த நெருக்கடியான இடத்தில் கத்தியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையைச் செம்மைப்படுத்தியவர் ஸ்விட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோகர். தைராய்டு ஆய்வுகளுக்காக 1909-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர் அவர். சுரப்பியை முழுவதுமாக அகற்றினால் நோயாளியின் உடலும் மனமும் தளர்ந்துபோவதைக் கண்டு வெளிப்படையாக எழுதியவரும் அவரே. அவருடைய காலத்துக்குப் பின் அறுவை சிகிச்சை பெரிதும் பாதுகாப்பானதாகிவிட்டது. தைராய்டு புற்றுநோய்க்கு இன்றும் அதுவே முதன்மைச் சிகிச்சை. ஆனால், அதற்கும் ஒரு விலை உண்டு. முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டால் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். சிலருக்குப் பாராதைராய்டு பாதிக்கப்பட்டுச் சுண்ணாம்புச் சத்து குறைகிறது. சிலருக்குக் குரல் கம்மிவிடுகிறது.

கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கையில் இவ்வளவு விலை கொடுத்தாக வேண்டுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் வெப்பச் சிகிச்சை. அதன் வேர் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. விநாடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் தசைகளைத் துடிக்கச் செய்யாமலேயே உடலில் பாயக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் 1891-இல் காட்டினார். அமெரிக்காவில் வில்லியம் போவி என்பவர் உருவாக்கிய மின்கருவியை, 1926-இல் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். குருதிக் கசிவை மின்வெப்பத்தால் நிறுத்தும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. கல்லீரல் கட்டிகளில் ஊசி வழியே வெப்பத்தைச் செலுத்தும் முறை 1990-களில் பரவியது. இத்தாலியில் 2000-ஆம் ஆண்டில் தைராய்டு கட்டியில் லேசர் வெப்பத்தைச் செலுத்திய முயற்சி வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் தென்கொரிய மருத்துவர்கள், ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தைக் கழுத்துக்கென்றே சிறிதாக்கப்பட்ட ஊசியின் வழியே செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர்.

ஊசி எப்படிச் சுடுகிறது? பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே நுழைப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது சரியல்ல. ஊசியின் முனையிலிருந்து விநாடிக்குச் சில லட்சம் முறை திசைமாறும் மின்னோட்டம் திசுவுக்குள் பாய்கிறது. திசுவில் உள்ள உப்புகளின் மின்னூட்டம் பெற்ற துகள்கள் அதற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து உராய்கின்றன. அந்த உராய்வில் திசுவே தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. இவ்வாறு நேரடியாகச் சூடாகும் பகுதி முனையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு அப்பால் உள்ள பகுதிக்கு, அடுப்பில் வைத்த இரும்புக் கரண்டியின் கைப்பிடிக்குச் சூடு ஏறுவதுபோல, வெப்பம் மெல்லக் கடத்தப்படுகிறது. நோயாளியின் தொடைகளில் ஒட்டப்படும் மின்பட்டைகள் வழியாக மின்னோட்டம் வெளியேறுகிறது. அந்தப் பட்டைகள் சரியாக ஒட்டப்படாவிட்டால், கழுத்துக்குப் பதில் தொடையில் தீப்புண் ஏற்படக்கூடும்.

நுண்ணலையைப் பயன்படுத்தும் வகையும் உண்டு. சமையலறை 'மைக்ரோவேவ்' அடுப்பில் உணவைச் சூடாக்கும் அதே 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை, ஊசிமுனை வழியே திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுகிறது. இதற்குத் தொடைப் பட்டை தேவையில்லை. வெப்பமும் விரைந்து ஏறுகிறது. விரைந்து ஏறுவதாலேயே அதை அடக்கியாள்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

'புற்றுநோயை அழிக்க எவ்வளவு சூடு கொடுத்தாலும் நல்லதுதானே' என்று நினைக்கத் தோன்றும். இயற்பியல் அதற்கு இடம் தருவதில்லை. 100 டிகிரியைத் தாண்டினால் திசுவில் உள்ள நீர் ஆவியாகிறது. திசு கரிந்து, கரி ஒரு காப்புறைபோல ஊசியை மூடிக்கொள்கிறது. கரிந்த திசுவில் மின்தடை கூடுவதால் மின்னோட்டம் தடைப்படுகிறது. வெப்பம் கட்டியின் ஓரங்களுக்குச் சென்று சேருவதில்லை. மிகையான சூட்டில் நடுப்பகுதி கரிந்துபோக, விளிம்பில் புற்றணுக்கள் உயிரோடு எஞ்சிவிடக்கூடும். எனவேதான் நவீன ஊசிகளின் உள்ளே குளிர்ந்த நீர் இடைவிடாமல் சுற்றிவருமாறு அமைத்திருக்கின்றனர். சுடுவதற்கென்று செய்த ஊசியைக் குளிர்வித்துக்கொண்டே சுடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால், முனையைக் கரியவிடாமல் காத்தால்தான் 60 முதல் 100 டிகிரி வரையிலான பயனுள்ள சூடு சீராகப் பரவும்.

உடலும் சும்மா இருப்பதில்லை. பாயும் குருதி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. திசுவின் வெப்பநிலையில் குருதியோட்டத்தின் பங்கைச் சமன்பாடாக 1948-இல் எழுதிக் காட்டியவர் ஹாரி பென்னஸ். இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம். பெருந்தமனியின் அருகே உள்ள கட்டி, குருதியின் குளிர்ச்சியால் முழுமையாக வேகாமல் போகலாம். அதே குளிர்ச்சிதான் தமனியின் சுவரையும் காக்கிறது. மூச்சுக்குழாய்க்கு உள்ளே செல்லும் காற்றும் ஓரளவு இதே உதவியைச் செய்கிறது. ஆனால், குரல்நாண் நரம்புக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. மெல்லிய நூலாக, சூட்டுக்கு எளிதில் இரையாகும் இடத்தில் அது கிடக்கிறது. நரம்பும் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் சந்திக்கும் அந்தப் பகுதியை மருத்துவர்கள் 'அபாய முக்கோணம்' என்றே அழைக்கின்றனர்.

அந்த முக்கோணத்தின் அருகில் வெப்பத்தை அடக்கும் உத்திகள் பல. முதலாவது, ஊசியை நுழைக்கும் வழி. பக்கவாட்டிலிருந்து குத்தாமல், கழுத்தின் நடுவே சுரப்பியின் இரு மடல்களையும் இணைக்கும் பாலம் போன்ற பகுதி வழியாக ஊசி செலுத்தப்படுகிறது. ஊசி முழுவதும் 'அல்ட்ராசவுண்ட்' திரையில் தெரிவதும், நோயாளி விழுங்கினாலோ இருமினாலோ ஊசி இடம் பெயராமல் சுரப்பித் திசுவே அதைப் பற்றிக்கொள்வதும் இவ்வழியின் நன்மைகள்.

இரண்டாவது, ஊசியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பது. கட்டியைக் கற்பனையில் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஆழத்தில் உள்ள கட்டத்தை முதலில் சுட்டு, படிப்படியாக ஊசியைப் பின்னிழுத்து மேற்பரப்புக்கு வருகின்றனர். சூட்டில் எழும் நுண்குமிழிகள் திரையில் வெண்மேகமாகப் பரவி அதன் கீழுள்ள பகுதியை மறைத்துவிடும் என்பதால்தான் ஆழத்திலிருந்து தொடங்குகின்றனர். நடுக்கட்டங்களுக்கு அதிக மின்திறனும் ஓரக்கட்டங்களுக்குக் குறைந்த மின்திறனும் தரப்படுகின்றன. ஊசியின் தடிமன் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர். சுடும் முனையின் நீளம், கட்டியின் அளவைப் பொறுத்து, அரை சென்டிமீட்டரிலிருந்து தொடங்குகிறது.

மூன்றாவது உத்தி மிக எளிமையானது, மிகப் பயனுள்ளது. சுரப்பிக்கும் நரம்புக்கும் இடையே மெல்லிய ஊசியால் திரவத்தைச் செலுத்தி, இரண்டையும் சில மில்லிமீட்டர் விலக்கிவைக்கின்றனர். இதற்கு வழக்கமான உப்புநீர், அதாவது 'சலைன்', பயன்படுத்தப்படுவதில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். காக்க வைத்த நீரே மின்னோட்டத்தை நரம்பிடம் கொண்டுசேர்த்துவிடும். எனவே, மின்சாரத்தைக் கடத்தாத 5 சதவீத 'டெக்ஸ்ட்ரோஸ்' சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்துகின்றனர். எந்த மருத்துவமனையிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள கருவியின் பாதுகாப்பு, மலிவான ஒரு புட்டிக் கரைசலைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைச் சார்ந்திருக்கிறது.

நான்காவது, நோயாளியின் குரல். பொது மயக்க மருந்து தராமல், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே பெரும்பாலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. மருத்துவர் இடையிடையே நோயாளியைப் பேசச் சொல்வார். குரல் சற்றே கரகரத்தாலும் மின்னோட்டம் உடனே நிறுத்தப்படும். அப்போதே குளிர்ந்த சர்க்கரைக் கரைசலை நரம்பின் அருகே செலுத்தினால் பாதிப்பைக் குறைக்கவோ மீட்கவோ முடியும். வலியும் ஓர் எச்சரிக்கை மணிதான். 'வலி தெரியாமல் முழுமையாக மயக்கிவிடுங்கள்' என்று வற்புறுத்தும் நோயாளி, தம்மைக் காக்கும் அறிகுறியையே அணைக்கச் சொல்கிறார் என்பதை உணர வேண்டும்.

இத்தனைக்கும் பின்னர் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. புற்றுநோய் அல்லாத சாதாரணத் தைராய்டு கட்டிகளுக்கும் இதே ஊசிச் சிகிச்சை தரப்படுகிறது. அங்கே கட்டி சுருங்கினால் போதும். ஓரத்தில் சிறிது திசு எஞ்சினாலும் பெருங்கேடில்லை. ஆகவே நரம்புக்கு அருகில் உள்ள விளிம்பைத் தொடாமலே விட்டுவிடலாம். புற்றுநோயில் அந்தச் சலுகை கிடையாது. கட்டியின் விளிம்பையும் தாண்டி, அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவிலும் சில மில்லிமீட்டர் வரை சுட்டாக வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் மிஞ்சிவிடும்.

பொருளியலில் 'இறுதிநிலை' என்றொரு கருத்து உண்டு. ஒரு செயலின் மொத்தப் பயனைப் பார்த்து முடிவெடுக்காமல், அடுத்த ஓர் அலகு கூடுதலாகச் செய்தால் என்ன பயன், என்ன இழப்பு என்று ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கருத்துக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இன்னும் ஒரு மில்லிமீட்டர் சுட்டால் புற்றுநோய் மீளும் வாய்ப்பு குறைகிறது. அதே ஒரு மில்லிமீட்டரில் ஒருவரின் குரல் போகலாம். எந்த மில்லிமீட்டரில் நிறுத்துவது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. திரையில் தெரியும் வெண்மேகத்தின் பரப்பும், உண்மையில் மடிந்த திசுவின் பரப்பும் அச்சு அசலாக ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிவது பயிற்சி பெற்ற கண்ணும் கையும்தான். கட்டியில் குருதியோட்டம் எஞ்சியிருக்கிறதா என்பதைச் சிகிச்சைக்குப் பின் நுண்குமிழி மருந்து செலுத்தி 'அல்ட்ராசவுண்ட்' மூலம் சரிபார்ப்பதும், தேவைப்பட்டால் மீண்டும் சுடுவதும் அதனால்தான்.

பயிற்சி பெற்ற கைகளில் இம்முறை நன்றாகவே செயல்படுகிறது. புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்காகத் தென்கொரியாவின் பல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 1,459 பேரைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளியானது. 3.3 சதவீதம் பேருக்குப் பக்கவிளைவுகள் ஏற்பட்டன. அவற்றுள் கடுமையானவை 1.4 சதவீதம். கடுமையானவற்றில் முதலிடம் குரல் மாற்றத்துக்குத்தான். பெரும்பாலோருக்குக் குரல் பின்னர் திரும்பிவிட்டது. சிறிய, ஆபத்துக் குறைந்த புற்றுநோய்க் கட்டிகளுக்கு இச்சிகிச்சை பெற்ற 74 பேரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த மற்றொரு தென்கொரிய ஆய்வு 2020-இல் வெளியானது. சுட்ட இடத்தில் எவருக்கும் நோய் மீளவில்லை. ஐரோப்பிய தைராய்டு சங்கமும் இடையீட்டுக் கதிரியல் மருத்துவர்களின் ஐரோப்பிய அமைப்பும் 2021-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இதை ஏற்கத்தக்க மாற்றுவழியாக ஒப்புக்கொண்டன.

'தேர்ந்தெடுத்த' என்னும் சொல்லை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். கட்டி சிறியதாக இருக்க வேண்டும். சுரப்பியின் உறையைத் தாண்டியிருக்கக் கூடாது. கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவியிருக்கக் கூடாது. வேகமாக வளரும் வகையாக இருக்கக் கூடாது. இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் ரேடியோ அதிர்வெண் மின்னோட்டத்தைப் பயன்படுத்துவதில் தனிக் கவனம் வேண்டும். முதுமையாலோ இதய நோயாலோ மறுபடியும் அறுவை சிகிச்சையைத் தாங்க இயலாதவர்களுக்கு, கழுத்தில் மீண்டும் தோன்றிய சிறு கட்டிகளை அழிக்கவும் இம்முறை உதவுகிறது.

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட திசு ஆய்வகத்துக்குச் செல்லும். அது என்ன வகைப் புற்றுநோய், எவ்வளவு பரவியது, விளிம்பு தூய்மையாக உள்ளதா என்பதை நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதித் தருவார். வெப்பச் சிகிச்சையில் சான்றும் சேர்ந்தே எரிந்துவிடுகிறது. ஆகவே, சிகிச்சைக்கு முன்பே ஊசியால் திசுவை உறிஞ்சி எடுத்து நோயை ஐயமற உறுதி செய்ய வேண்டும். சிகிச்சைக்குப் பின் பல ஆண்டுகள் 'அல்ட்ராசவுண்ட்' பரிசோதனையைத் தொடர வேண்டும். 'ஒரே நாளில் முடிந்துவிடும்' என்று சொல்லப்படுவது ஊசி போடும் வேலை மட்டுமே.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சிறு கட்டியைச் சுட்டே ஆக வேண்டுமா?

ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, மருத்துவர் அகிரா மியாவுச்சியின் முன்மொழிவின்பேரில், 1993-இல் ஒரு துணிவான முயற்சியைத் தொடங்கியது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்துக் குறைந்த தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கு உடனே சிகிச்சை தராமல், குறித்த இடைவெளியில் பரிசோதித்துக் கண்காணிப்பதே அது. 1,235 பேரைப் பற்றி 2014-இல் வெளியான முடிவின்படி, 10 ஆண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு மட்டுமே. நிணநீர் முடிச்சுக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. அவர்களுக்குப் பின்னர் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. முதியவர்களைவிட இளையவர்களுக்கே கட்டி வளரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

இதற்கு நேர்மாறான பாடத்தைத் தென்கொரியா கற்றது. அங்கே 1999-இல் தேசிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு பரிசோதனை அத்திட்டத்தில் இல்லை. ஆயினும், சிறு கட்டணத்துக்குக் கழுத்தையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் மருத்துவமனைகளில் பரவியது. 1993-உடன் ஒப்பிட்டால் 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டோர் விகிதம் 15 மடங்காகியது. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 40,000 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. ஆனால், அந்நோயால் இறப்போரின் விகிதம் மாறவே இல்லை. கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழ அனைவரும் அறுவை சிகிச்சை பெற்றனர். அவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குப் பாராதைராய்டு குறைபாடும், 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் முடக்கமும் ஏற்பட்டன. 2014-இல் மருத்துவர் குழு ஒன்று, தேவையற்ற தைராய்டு பரிசோதனையைக் கைவிடுமாறு பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தது. ஒரே ஆண்டில் தைராய்டு அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை 35 சதவீதம் குறைந்தது.

அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில், பரவலுக்கான அறிகுறி ஏதும் இல்லாதபோது, ஊசிப் பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்று கூறியது.

மருத்துவச் சந்தை ஏனைய சந்தைகளைப் போன்றதன்று என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. தமக்கு என்ன தேவை என்பதையே நோயாளி மருத்துவரிடம் கேட்டுத்தான் அறிகிறார். இத்தகைய சந்தையில் ஒரு சிகிச்சை எளிமையாகும்போது, அதுவரை அறுவை சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் அதற்கு மாறுவதில்லை. கத்திக்கு அஞ்சிக் காத்திருந்தவர்களும், காத்திருந்தாலே போதும் என்ற நிலையில் இருந்தவர்களும் அதன் பக்கம் ஈர்க்கப்படுகின்றனர். ஒருவருக்கு ஏற்படும் ஆபத்து குறைந்தாலும், தேவையின்றிச் சிகிச்சை பெறுவோரின் எண்ணிக்கை கூடினால் சமூகம் சுமக்கும் மொத்தத் தீங்கு குறையாமலே போகலாம்.

'புற்றுநோய்' என்னும் சொல் எழுப்பும் அச்சம் இதற்குத் துணைபோகிறது. கழுத்தில் புற்றுநோய் இருப்பது தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருப்பதை நம் குடும்பங்களால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அந்த அச்சத்தை ஏளனம் செய்வது நியாயமன்று. கண்காணிப்பில் இருப்பவரின் மனச்சுமையும் ஒரு விலைதான். ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர இயலாதவர், மன அமைதியை நாடுபவர், கட்டி வளர்வது உறுதியானவர் ஆகியோருக்கு ஊசிமுனை வெப்பம் நல்லதொரு நடுவழியாக அமையக்கூடும். ஆனால், அது அச்சத்துக்கு மருந்தாக அன்றி, நோய்க்கு மருந்தாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கான அறிகுறிகள் இல்லாமலில்லை. திருவனந்தபுரம் மாவட்டப் புற்றுநோய்ப் பதிவேட்டில், பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் விகிதம் நாட்டின் பல பகுதிகளைவிட மிக அதிகம். 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் சலுகைக் கட்டணத் திட்டங்கள் பெருகிவரும் நம் நகரங்களில், தென்கொரியா சென்ற பாதையில் நாமும் செல்வதற்கான சூழல் உருவாகிவருகிறது.

எனவே, இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படும்போது நோயாளியும் குடும்பத்தாரும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். கட்டியின் அளவு என்ன? புற்றுநோய் என்பது திசுச் சோதனையில் உறுதியாகியுள்ளதா? நிணநீர் முடிச்சுகள் சோதிக்கப்பட்டனவா? சிகிச்சையின்றிக் கண்காணித்தால் என்ன ஆகும்? கட்டிக்கும் குரல்நாண் நரம்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது? அதை விலக்க எந்தக் கரைசலைப் பயன்படுத்துவீர்கள்? சிகிச்சைக்கு முன் குரல்நாண்களின் இயக்கம் சோதிக்கப்படுமா? இதுவரை எத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்குக் குரல் பாதித்தது? நேர்மையான மருத்துவர் எவரும் இக்கேள்விகளால் வருத்தமடைய மாட்டார்.

அரசுக்கும் மருத்துவ அமைப்புகளுக்கும் ஒரு கடமை உண்டு. கருவி விற்பவர் நடத்தும் ஓரிரு நாள் பயிற்சியோடு ஊசியை எடுக்கும் நிலை உருவாகக் கூடாது. சாதாரணக் கட்டிகளில் போதிய அனுபவம் பெற்ற பின்னரே புற்றுநோய்க் கட்டியைத் தொட வேண்டும் என்ற விதி தேவை. அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், கதிரியல் மருத்துவர் ஆகியோர் கூடி முடிவெடுக்கும் முறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் விளைவையும் ஆண்டுக்கணக்கில் பதிந்துவைக்கும் தேசியப் பதிவேடு வேண்டும். ஜப்பானும் தென்கொரியாவும் நமக்குப் பாடம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர்கள் எண்ணிக் கணக்கு வைத்திருந்ததுதான்.

கழுத்துக்குள் வெப்பத்தை எந்த மில்லிமீட்டரில் நிறுத்துவது என்பதை மருத்துவ அறிவியல் பெருமளவு கற்றுவிட்டது. எந்த நோயாளியிடம் அந்த ஊசியையே எடுக்காமல் இருப்பது என்பதை நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் பாதுகாப்பான சிகிச்சை.